அடைமழை, மாவுக்கட்டு, அப்பாவின் இரட்டைக் குழல்: வீட்டிலிருந்தபடி என்ன செய்யலாம்?

பச்சையாற்றுக்காரன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் களக்காடு, வேலை ஓசூரில். ஆயுதபூஜைக்கு ஊருக்கு வந்த இடத்தில் வாழைத்தோட்டத்து வரப்பில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்து, இப்போது மாவுக்கட்டோடு பட்டாசாலையில் கிடக்கிறேன். கார்த்திகை பிறக்கும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாதாம். வெளியே மழை விடுவதாக இல்லை. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது.

வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. 12 போர் அளவு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா வாங்கியது, இப்போது லைசென்ஸ் அப்பா பெயரில். அப்பாவுக்கு 72 வயது. பன்றி விரட்ட அவர் அதை எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார், முடிந்ததும் வாங்கி வந்து பீரோவில் வைப்பார், அவ்வளவுதான். மரக்கட்டை கறுத்துப் பிசுபிசுக்கிறது. குழலில் அங்கங்கே செம்புள்ளி தெரிகிறது.

படுத்திருக்கும் நேரத்தில் இதை வைத்து ஏதாவது உருப்படியாகச் செய்யலாமே என்று தோன்றியது. காணொளிகளில் வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு மேசையில் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டி என்னென்னவோ செய்கிறார்கள். என் மனதில் இருப்பவை இவை. மரக்கட்டையைச் சுரண்டிப் புதிதாகப் பாலிஷ் போடுவது. குழலைத் தேய்த்துக் கறுப்பு ஏற்றுவது. உள்ளே இருக்கும் விசைப் பகுதியைக் கழற்றி எண்ணெய் விடுவது. குழல் நீளமாக இருப்பதால் கொஞ்சம் வெட்டினால் தூக்க வசதியாக இருக்கும் என்று சித்தப்பா மகன் சொல்கிறான், அதுவும் ஒரு யோசனை. இது போக, பையனுக்கென்று வாங்கிய ஏர்கன் ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே அதில் பழகலாமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஆர்மரர் எழுதுகிறார்:

தம்பி, நான் சேரன்மகாதேவி. ராணுவத்தில் ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பட்டியலில் நல்லதும் இருக்கிறது, ஜெயிலும் இருக்கிறது. முதலில் ஜெயிலைப் பேசி முடித்துவிடுவோம்.

குழலை வெட்டுவது பற்றிச் சித்தப்பா மகன் இனி வாய் திறக்க வேண்டாம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தனி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஏழு வருடத்துக்குக் குறையாத சிறை. பழுதுபார்ப்பும் உரிமம் உள்ளவன் செய்ய வேண்டிய வேலைதான், 5ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நீங்கள் பார்க்கும் காணொளிக்காரன் அவன் நாட்டுச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் களக்காட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தோட்டாவில் மருந்து நிரப்புவதும் அவன் மேசையோடு நிற்கட்டும்.

இன்னொன்று. லைசென்ஸ் அப்பா பெயரில் என்கிறீர்கள். அப்படியானால் துப்பாக்கி உங்களுடையது அல்ல. அப்பா பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது மட்டும் அதை வெளியே எடுங்கள். அவர் தூங்கப் போனால் அதுவும் பூட்டுக்குள் போக வேண்டும். எடுத்ததும் முதல் வேலையாகக் குழலை மடக்கி, தோட்டா உட்காரும் இரண்டு அறைகளையும் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். இதை நான் எழுதுவது சடங்குக்காக அல்ல. "காலித் துப்பாக்கி" என்று எழுதி வந்த முதல் தகவல் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். என் கொள்கை ஒன்றுதான்: வீட்டில் இருப்பவன் இரும்பைத் தொடாமல் மரத்தையும் துணியையும் காகிதத்தையும் தொட வேண்டும். இரும்பைத் துடைக்கலாம், எண்ணெய் தடவலாம், அத்தோடு சரி.

குழலில் கறுப்பு ஏற்றும் ஆசையை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், இரட்டைக் குழலில் இரண்டு குழாய்களும் நடுவில் ஓடும் பட்டையும் ஈயப் பற்றாசில் ஒட்டியவை. இன்றைய சூடான கறுப்புக் கரைசல் கடுங்காரம். அது அந்தப் பற்றாசைத் தின்றுவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இணைப்பு விட்டுப் போயிருக்கும். பழைய இரட்டைக் குழலுக்கு மெதுவாகத் துருவேற்றிக் கறுக்க வைக்கும் முறைதான் சரி, அது தொழில்காரன் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். குழலின் மேல் இருக்கும் முத்திரைகள் அழிந்தால் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் போனது.

செம்புள்ளிக்கு என்ன செய்யலாம்? நல்ல துப்பாக்கி எண்ணெய் இருந்தால் அது, இல்லாவிட்டால் தையல் மிஷின் எண்ணெய். புள்ளியில் தடவி ஊற விடுங்கள். மறுநாள் பழைய பனியன் துணியால் அழுத்தித் துடையுங்கள். இரண்டு மூன்று முறையில் மேல்துரு வந்துவிடும். அதற்கும் வராதது குழி. குழியை அப்படியே விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுமே தவிரச் சுரண்டக் கூடாது. தேங்காய் எண்ணெயை இரும்பில் தடவுவது நம் பக்கத்துப் பழக்கம். கெட்டுப்போனால் அதிலிருந்து அமிலம் வரும், இரும்புக்கு ஆகாது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பசையாக இறுகும். விசை இழுத்தும் குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) விழாமல் மாட்டிக்கொண்ட துப்பாக்கிகளைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் இந்தப் பசைதான்.

குழலின் உள்பக்கத்துக்குக் கம்பியும் துணியும் போதும். ராணுவத்தில் நாலுக்கு இரண்டு அங்குலம் என்று துணி கிழிப்போம், அந்த அளவை மீறினால் குழலில் சிக்கும். ரைஃபிளுக்கு அது, உங்கள் 12 போருக்குக் கொஞ்சம் பெரிதாகவே கிழிக்கலாம். தோட்டா போகும் பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கம் வாங்குங்கள். தாத்தா கருமருந்துத் தோட்டா போட்டிருந்தால் உள்ளே அந்தக் கரி இருக்கும். அது ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது போகாது, வெந்நீரில் கழுவி உடனே ஈரம் போகத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அதற்கு முன் குழலை மரத்திலிருந்து பிரித்தே ஆக வேண்டும். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையை எடுத்தால் குழல் தானாக வந்துவிடும், அதற்குமேல் எதையும் கழற்ற வேண்டியதில்லை. உள்விசை ஆணிகள் மெல்லிய வெட்டுக் கொண்டவை. வீட்டுத் திருப்புளி வைத்தால் தலை கிழியும். அதைப் பார்க்கிற எந்தத் தொழில்காரனும் "யாரோ கை வைத்திருக்கிறான்" என்று முதல் பேச்சிலேயே விலையைக் குறைப்பான்.

இப்போது மரம். உங்கள் மாவுக்கட்டுக் காலம் முழுவதையும் இதில் போடலாம், அவ்வளவு வேலை இருக்கிறது.

கட்டை பெரும்பாலும் வால்நட்டாக இருக்கும். ஊரில் கட்டை மாற்றியிருந்தால் தோதகத்தியாகவோ தேக்காகவோ இருக்கலாம். கறுத்துப் பிசுபிசுப்பதற்குக் காரணம் அழுக்கு மட்டும் அல்ல. துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தி வைத்தால் விட்ட எண்ணெயெல்லாம் வருடக்கணக்கில் இறங்கி, இரும்பும் மரமும் சேருகிற கழுத்தில் ஊறும். மரம் பஞ்சுபோல் இளகிவிடும். ஒருநாள் சுடும்போது அந்த இடத்தில் பிளக்கும். இனி வாய் கீழாக வையுங்கள், அடியில் ஒரு துணி போட்டு.

ஊறிய எண்ணெயை இழுக்கச் சாக்பீஸ் தூள் போதும். நைசாக இடித்துக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் குழைத்துக் கறுத்த இடத்தில் அப்பி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். தூள் பழுப்பாக வரும். வெளுப்பாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். அது காரம், வால்நட்டில் பட்டால் கரும்படலம் பிடிக்கும், போகாது. முழுக் கட்டைக்கும் உப்புத்தாள் போடுவதை நான் அனுமதிக்க மாட்டேன். இரும்பு வந்து சேரும் ஓரங்களில் மரம் ஒரு நூல் உயர்ந்துதான் இருக்க வேண்டும். அதைத் தேய்த்தால் திரும்பி வராது. குறுக்குக் கோடு வெட்டிய பிடிப்பகுதிக்குப் பழைய பல்துலக்கி மட்டும்.

அமுங்கிய பள்ளங்கள் இருக்கின்றனவா? ஈரத்துணியை மடித்து மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் தொட்டுத் தொட்டு எடுங்கள். நீராவியில் நார் ஊதி எழும்பும். வெட்டுப்பட்ட நார் எழும்பாது, அமுங்கியது எழும்பும்.

கடைசியில் எண்ணெய். ஹார்டுவேர் கடையில் காய்ச்சிய லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். நம் ஊர்த் தச்சர் பிரெஞ்சு பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்பார், வேண்டாம். அது அரக்கு. ஈரம் பட்டால் வெளுக்கும். உள்ளங்கையில் நாலு சொட்டு, கை சூடாகும்வரை தேய்ப்பு, கால் மணிநேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைப்பு. இந்த மழையில் ஒரு பூச்சு காய ஒரு நாளுக்கு மேலே ஆகும். தடித்துப் பூசினால் ஒட்டும், காயவே காயாது. பொறுமை உள்ளவன் மெல்லிய பூச்சுகளாக ஏற்றிக்கொண்டே போவான்.

மிக முக்கியம்: லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு வெளியேறும். சுருட்டிய துணியில் சூடு தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். மழையில் நனைய விட்டுவிடுங்கள், அல்லது கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். ஓலைக்கொட்டகை உள்ள வீடு என்றால் இன்னும் கவனம்.

தோலுறை இருந்தால் துப்பாக்கியை அதில் வைக்காதீர்கள். எடுத்துப் போக மட்டும்தான் உறை. தோல் ஈரத்தைப் பிடிக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் துரு. அம்மாவிடம் சொல்லித் தளர்ந்த பருத்தித் துணியில் நீளப் பை ஒன்று தைக்கச் சொல்லுங்கள். படுத்தபடி நீங்களே தைத்தாலும் தகும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனை பீரோக்கள் நனைந்தன என்று எல்லோருக்கும் தெரியும். பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள், மேல்தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

லைசென்ஸ் காகிதத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மின்சாரம் போய்விட்டது.

திருக்குறுங்குடி வாழை எழுதுகிறார்:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. நான் விவசாயி, ஆகவே வேறொரு பக்கம் சொல்கிறேன். தம்பி, துப்பாக்கியைச் சரிசெய்து பன்றி சுடலாம் என்ற எண்ணம் எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதை இப்போதே எடுத்துவிடுங்கள். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் என்பது பன்றியைச் சுடும் அனுமதி அல்ல. காட்டுப்பன்றி வன உயிரினச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் சொன்ன ஏற்பாட்டிலும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறைதான் செய்யும். நம் தோட்டங்களில் பாதி மலையடிவாரம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லையிலிருந்து கல்லெறிந்தால் விழுகிற தூரம்.

ஏத்தன் குலை தள்ளும் நேரத்தில் ஒரே இரவில் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போகும் பன்றியைப் பார்த்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் துப்பாக்கி அதற்கு மருந்தாக இருந்த காலம் நம் அப்பாக்களுடையது. அப்போதும் வெடிச்சத்தம்தான் வேலை செய்தது, ரவை அல்ல. இப்போது நான் பழைய சேலைகளை வரப்பில் கட்டிவிட்டு விடிய விடிய டார்ச் அடிக்கிறேன். அது எவ்வளவு உதவுகிறது என்பதை வேறொரு நாள் புலம்புகிறேன்.

பாளை உடற்கல்வி எழுதுகிறார்:

பாளையங்கோட்டையில் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் .22 ரைஃபிள் சுட்டுப் பழகியவள். ஏர்கன் கேள்விக்கு யாரும் வரவில்லை, ஆகவே நான்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். 4.5 மில்லிமீட்டர், அதாவது .177, என்று இருந்து, வேகச்சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாதது என்றால் லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மில்லிமீட்டர் என்றால் வேறு கதை, அதற்கு உரிமம் வேண்டும். இணையத்தில் வாங்கியது என்பதால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள்.

வீட்டுக்குள் பழகலாமா என்றால், தாராளமாக. உலகப் போட்டியே பத்து மீட்டர்தான். பெய்ஜிங்கில் 2008இல் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா வீட்டில் அப்பா கட்டிக் கொடுத்த சுடுதளத்தில் பழகியவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிள்காரர்தான். களக்காட்டுப் பழைய வீடுகள் தெருவாசலிலிருந்து புறவாசல்வரை நேர்கோடாக ஓடும், உங்களுக்கு இடப் பஞ்சம் இருக்காது. ஆனால் அந்த நேர்கோட்டில் அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வருவார். குறுக்கே ஒரு கதவு, நடை, சன்னல் எது இருந்தாலும் அது பூட்டியிருக்க வேண்டும். அப்படி முடியாதென்றால் ஓர் அறைக்குள்ளேயே ஐந்து மீட்டரில் பழகுங்கள். இலக்குத் தாளைப் பாதி அளவில் அச்சடித்தால் போதும். பத்து மீட்டர் தாளில் எல்லா வளையங்களும் சேர்ந்தே 45.5 மில்லிமீட்டர்தான், நடுப் பத்து அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பாதியாக்கினால் அது கண்ணுக்கு என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள், அதனால் நான் ஆரம்பத்தில் வெற்று வெள்ளைத் தாள்தான் மாட்டச் சொல்வேன்.

தடுப்புப் பெட்டி செய்வது நல்ல கைவேலை. கனமான பலகையில் ஒரு முழச் சதுரப் பெட்டி, பின்பக்கம் இரும்புத் தகடு சாய்வாக, அதன் முன்னால் பழைய போர்வை, துணி அடைப்பு. காருக்குறிச்சிச் சட்டிக்காரர்களிடம் பிசைந்த களிமண் வாங்கி அடைத்தால் குண்டு அதிலேயே புதையும், ஆனால் மண் காய்ந்து வெடிக்காமல் ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். உருண்டை இரும்புக் குண்டு மட்டும் வேண்டாம், தகட்டில் பட்டால் திரும்பி வரும். தட்டைத் தலை ஈயக் குண்டு வாங்குங்கள். கண்ணுக்குக் கண்ணாடி. பழகி முடித்துவிட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், ஈயம். பையனுக்கும் இதையே சொல்லிக் கொடுங்கள்.

வில்லு (ஸ்பிரிங்) வைத்த ஏர்கனைக் குண்டு போடாமல் சுடக் கூடாது. காற்றுத் தடை இல்லாமல் உருளை ஓடி மோதி உடையும். உங்கள் 12 போரிலும் வெற்றாக விசை இழுப்பது ஆகாது, அதற்குப் போலித் தோட்டா என்று தனியாக விற்கிறார்கள்.

ஆனால் உண்மையான பயிற்சிக்குக் குண்டே தேவையில்லை. மாவுக்கட்டோடு நிற்க முடியாது, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வெற்றுச் சுவரைப் பார்த்து ஏர்கனை ஏந்துங்கள். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்துங்கள். குழல் நுனியில் உள்ள முன்முள் எப்படி ஆடுகிறது என்று மட்டும் பாருங்கள். எட்டு நொடிக்குள் நிற்கவில்லை என்றால் இறக்கி வையுங்கள். என் பிள்ளைகள் இந்த இறக்கி வைப்பதைத்தான் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே இழுத்துவிடுகிற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. கால் சரியானதும் பத்தமடைப் பாய் ஒன்றை விரித்துக் குப்புறப் படுத்துப் பாருங்கள், முழங்கைக்கு இதமாக இருக்கும்.

மொட்டைமாடி கூடவே கூடாது. தவறிய குண்டு யார் முற்றத்தில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. அணில், மைனா, கிளி என்று பையன் குறிவைத்தால் அது விளையாட்டு அல்ல, வழக்கு. முன்பு காகம் போன்றவற்றைத் தொல்லை உயிர்கள் என்று வைத்திருந்த அட்டவணையே 2022 திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. தோட்டத்துக்கு வருகிற மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது முதல் அட்டவணை. பறவைகள் கலையக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கூந்தன்குளம் இருக்கிற மாவட்டத்தில் இதை நான் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

பச்சையாற்றுக்காரன் எழுதுகிறார்:

அண்ணாச்சி, டீச்சர், எல்லோருக்கும் நன்றி. ஏர்கன் 4.5தான், பார்த்துவிட்டேன். குழல் வெட்டும் பேச்சைச் சித்தப்பா மகனிடம் நிறுத்திவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அப்பாவுக்கு இதில் என்ன ஆர்வம் வந்ததோ, நேற்று மாலை அவரே பீரோவைத் திறந்தார். முன்கட்டையைக் கழற்றிக் குழலின் அடிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தோம். கறுப்புக்குள்ளிருந்து முத்திரைகள் வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிரீடம் ஒன்று, அதன் கீழே ஆங்கிலத்தில் பி.வி. இன்னொரு கிரீடத்தின் கீழ் என்.பி. பக்கத்தில் 12, அதை ஒட்டி 2½ என்று அங்குலக் குறியோடு. கொஞ்சம் தள்ளி 1⅛, அதற்குப் பின் ஓ.இசட். இதெல்லாம் என்ன? தாத்தா இதைத் தூத்துக்குடியில் ஒரு துரையிடமிருந்து வாங்கினார் என்பது வீட்டுக் கதை. சிங்கம்பட்டியில் வாங்கினார் என்பது அத்தை வீட்டுக் கதை.

கட்டைக் கழுத்தில் சாக்பீஸ் தூள் போட்டேன். முதல் தடவை காப்பித்தூள் நிறத்தில் வந்தது.

பழைய ஆர்மரர் எழுதுகிறார்:

இரண்டு வீட்டுக் கதையும் இருக்கட்டும், இரும்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கிரீடத்தின் கீழ் பி.வி., என்.பி. இரண்டும் பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. 1813இல் தொடங்கிய இடம். இங்கிலாந்தில் துப்பாக்கி விற்பனைக்குப் போகும் முன் அதில் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்துக் குத்துவார்கள். என்.பி. என்றால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. இந்த வடிவ முத்திரை 1904 முதல் 1954 வரை. அறையின் நீளத்தையும் ரவை எடையையும் இப்படிக் குத்தும் வழக்கம் 1925 விதிகளோடு வந்தது. ஆகவே உங்கள் துப்பாக்கி 1925க்கும் 1954க்கும் நடுவில் சோதனை பார்த்தது. பெல்ஜியத்துத் துப்பாக்கியாக இருந்தால் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்று லியேஜ் நகர முத்திரை இருந்திருக்கும். இந்தியத் தயாரிப்பு என்றால் இஷாப்பூர்த் தொழிற்சாலைக் குறி.

12 என்பது அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகச் செய்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் உள்விட்டம். ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 1⅛ அவுன்ஸ் அதில் போடக்கூடிய ரவையின் உச்ச எடை, 32 கிராம்.

இப்போது கவனமாகப் படியுங்கள். 2½ அங்குலம் என்பது தோட்டா உட்காரும் அறையின் நீளம். இன்று கடையில் கிடைக்கிற தோட்டாக்களில் பெரும்பாலானவை 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர். அந்த நீளம் சுட்டுத் திறந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும், உங்கள் அறையில் எந்தத் தடையும் இல்லாமல் உட்காரும், குழலும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் நெருக்கும். அழுத்தம் ஏறும். ஒரு தடவையில் வெடிக்காமலும் போகலாம், அதுதான் ஆபத்தே. அப்பா வைத்திருக்கும் தோட்டாப் பெட்டி எந்த நீளம் என்று பாருங்கள். நடுவில் யாராவது அறையை நீட்டிக் கடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைத் தொழில்காரன் அளவுகோல் விட்டுத்தான் சொல்ல முடியும். அதுவரை அதில் எந்தத் தோட்டாவும் போட வேண்டாம்.

காகிதத்துக்கு வருகிறேன் என்றேன். உங்கள் வீட்டு வேலைகளில் மிகப் பெரியது இதுதான், மாவுக்கட்டுக்குத் தோதானதும்கூட. அப்பாவுக்கு 72. 2016ஆம் வருட ஆயுத விதிகளில் 25ஆம் விதி, உரிமம் வைத்திருப்பவர் 70 வயதைத் தொட்டாலோ 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்க வழி செய்கிறது. இப்போது செய்தால் ஒரு கையெழுத்து அப்பாவுடையது. பிறகு என்று தள்ளினால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல், இதற்கிடையில் துப்பாக்கியை உடனே காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைப்பது என்று பெரிய சுற்று. பல வீடுகளில் அந்த நேரத்தில் துப்பாக்கியை யாரும் நினைப்பதே இல்லை. பதினாறாம் நாள் கழிந்து பீரோவைத் திறக்கும்போது அது உரிமம் இல்லாத ஆயுதமாகக் கிடக்கும்.

நம் சீமைக்கு இந்தக் காகித வழக்கம் புதிதல்ல. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த 1801இலேயே கும்பினி ஆட்சி ஆயுதம் ஏந்தத் தடை போட்டுவிட்டது. பிறகு 1878 சட்டம், பிறகு 1959. தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் எங்காவது இருந்தால் எடுத்துவையுங்கள். துரையா சிங்கம்பட்டியா என்பதை அதில் எழுதியிருப்பார்கள்.

ஆகவே ஒரு கோப்பு போடுங்கள். லைசென்ஸின் நகல், அதில் உள்ள தனி அடையாள எண், புதுப்பிக்கும் தேதி. இப்போது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, முன்பு மூன்று. குழலிலும் விசைப்பெட்டியிலும் முன்கட்டையிலும் இருக்கும் தொடர் எண்ணைப் பென்சில் தேய்ப்பில் தாளில் எடுங்கள். மூன்றும் ஒன்றா என்று பாருங்கள், லைசென்ஸில் இருக்கும் எண்ணோடும் ஒப்பிடுங்கள். ஓர் எண் எழுதும்போது யாரோ 3ஐ 8 என்று எழுதியிருப்பார்கள். அதைப் புதுப்பிக்கும் நாளில் அலுவலக வாசலில் கண்டுபிடிப்பதைவிடக் கட்டிலில் கண்டுபிடிப்பது மேல். தோட்டாக் கணக்கும் அதே கோப்பில். வாங்கியது, சுட்டது, மீதி.

சாக்பீஸ் தூள் காப்பித்தூளாக வந்ததா, நல்லது. இன்னும் நாலைந்து தடவை போகும். பெட்டியின் பக்கத்தில் 65 என்று இருக்கிறதா 70 என்று இருக்கிறதா என்று பார்த்து இன்றே எழுதுங்கள்.

பச்சையாற்றுக்காரன் எழுதுகிறார்:

70, அண்ணாச்சி. அப்பாவிடம் காட்டினேன். அந்தப் பெட்டியைத் தனியே எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். லைசென்ஸ் கடையில் கேட்க மழை வெறித்ததும் அவரே திருநெல்வேலி போகிறாராம். தொடர் எண்ணில் குழலும் விசைப்பெட்டியும் ஒன்று, முன்கட்டையில் வேறு எண். அது பிரச்சினையா?

பழைய ஆர்மரர் எழுதுகிறார்:

எப்போதோ கட்டை மாற்றியிருக்கிறார்கள். லைசென்ஸில் இருப்பது குழல் எண்ணா என்று மட்டும் பாருங்கள். அது சரியென்றால் கவலை இல்லை. அப்பா கடைக்குப் போகும்போது லைசென்ஸ் புத்தகத்தையும் தோட்டாப் பெட்டியின் படத்தையும் எடுத்துக்கொண்டு போகட்டும், அறை நீளம் அளந்து தர முடியுமா என்று அங்கேயே கேட்கட்டும்.